தொடை இடுக்குப் படர்தாமரை: கம்பம், குமுளி பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கம்பத்தில் ஒரு மருந்துக் கடையில் மருந்தாளுநராக இருக்கிறேன். விடியக் காலையில் ஏலத்தோட்டத்துக்கு ஜீப் ஏறுகிறவர்கள், குமுளியிலிருந்து இறங்கி வருகிறவர்கள், வண்டிப்பெரியாறு லயத்திலிருந்து (தோட்டத் தொழிலாளர் குடியிருப்பு) சாமான் வாங்க வருகிறவர்கள் என்று பலரும் கூட்டம் குறையும் வரை ஓரமாக நின்று, "அண்ணே, அந்த இடத்துல அரிப்பு, நல்ல ட்யூபா ஒண்ணு குடுங்க" என்று மெதுவாகக் கேட்பார்கள். கவுண்டரில் நின்று இதை விளக்கமாகப் பேச முடிவதில்லை, கேட்கிறவருக்கும் கூச்சம், பின்னால் ஆள் நிற்கும். அதனால்தான் இங்கே எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை. எங்கே டாக்டரைப் பார்த்தே ஆக வேண்டுமோ அங்கே அதைச் சொல்லியிருக்கிறேன், அந்த இடங்களைத் தாண்டிப் போய்விடாதீர்கள்.

தொடை இடுக்கில் வருவது எல்லாமே படர்தாமரைதானா?

இல்லை. படர்தாமரை என்றால் வட்டமாகவோ அரை வட்டமாகவோ இருக்கும், ஓரம் கொஞ்சம் தடித்துச் சிவந்து, பொரிப்பொரியாக, மெல்லிய செதில் உதிரும். நடுப்பகுதி ஆறினது போல இருக்கும், ஓரம் மட்டும் வெளியே வெளியே நகரும். மடிப்பில் ஆரம்பித்துத் தொடையின் உள்பக்கம் இறங்கும், பின்னால் புட்டத்துக்கும் போகும். ஆண்களுக்குப் பெரும்பாலும் விதைப்பையை விட்டுவிட்டுச் சுற்றியுள்ள தோலில்தான் பரவும். விதைப்பையே சிவந்து எரிந்தால், அல்லது மடிப்பு ஈரமாக ரத்தச் சிவப்பாக இருந்து பக்கத்தில் குட்டிக் குட்டிச் சீழ்ப் பொட்டுகள் இருந்தால், அது கேண்டிடா என்ற வேறு வகைப் பூஞ்சையாக இருக்கலாம். சர்க்கரை உள்ளவர்களுக்கு அது அதிகம்.

பழுப்பு நிறத்தில் தட்டையாக, அரிப்பே பெரிதாக இல்லாமல் இருந்தால் அது எரித்ராஸ்மா என்ற பாக்டீரியாத் தொற்றாகக்கூட இருக்கும், டாக்டர் ஒரு ஊதா விளக்கைக் காட்டினால் பவளச் சிவப்பாக ஒளிரும். ராத்திரியில்தான் அரிப்பு உச்சம், விரல் இடுக்கிலும் பொரி, வீட்டில் எல்லாருக்கும் அரிப்பு என்றால் அது சிரங்கு. இன்னும் சொரியாசிஸ், சோப்பு ஒத்துக்கொள்ளாத அலர்ஜி என்று இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. சந்தேகம் இருந்தால் தோல் டாக்டர் ஓரத்தைச் சுரண்டி எடுத்த செதிலில் ஒரு சொட்டு மருந்து விட்டு மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பார், பூஞ்சை நூல் நூலாகத் தெரியும். ஊசி கிடையாது, வலி கிடையாது.

சுத்தமாகத்தானே இருக்கிறேன், எனக்கு ஏன் வந்தது?

சுத்தக்குறைவு என்று நினைத்து வெட்கப்பட வேண்டாம். தோலின் மேல்படலத்தில் இருக்கும் கெரட்டினைத் தின்று வாழும் பூஞ்சை இது. அதற்கு வேண்டியது ஈரம், சூடு, உரசல். ஜூன் தொடங்கினால் மலை மேல் சாரல் நிற்காது, ஏலச்செடிக்குள் குனிந்து நுழைந்தால் மழை விட்ட பிறகும் இலையிலிருந்து தண்ணீர் கொட்டும், மேலே பிளாஸ்டிக் கோட்டு போட்டிருந்தாலும் உள்ளே வியர்வை, இடுப்புக்குக் கீழே துணி நாள் முழுக்க ஈரம். அதே ஈரத்தோடு ஜீப்பில் நெருக்கியடித்து உட்கார்ந்து மலை இறங்க வேண்டும். டிரைவர்களுக்கு நனையாமலே வரும், சீட்டில் மணிக்கணக்காக ஜீன்ஸோடு உட்கார்ந்திருந்தால் போதும்.

இன்னொரு வழி கால். கால் விரல் இடுக்கில் வெள்ளையாக ஊறி வெடித்திருக்கும் சேற்றுப்புண் பல பேருக்கு இதே பூஞ்சைதான். உள்ளாடையைக் காலில் நுழைத்து மேலே இழுக்கும்போது அதுவும் கூடவே தொடைக்கு ஏறுகிறது. தொடைக்கு மட்டும் மருந்து பூசிக் காலை விட்டால் திரும்பத் திரும்ப வரும். காலில் இருந்தால் காலுக்கும் பூசுங்கள், நகம் மஞ்சளாகத் தடித்து உதிர்ந்தால் டாக்டரிடம் அதையும் காட்டுங்கள்.

ஒரு ட்யூப் போட்டேன், மூன்று நாளில் அரிப்பு நின்றுவிட்டது. விட்டதும் முன்னைவிட அதிகமாக வருகிறதே?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலை மட்டும் படிக்க நேரம் இருந்தால் இதைப் படியுங்கள்.

பூஞ்சையைக் கொல்லும் மருந்து எதுவும் மூன்று நாளில் அரிப்பை அடியோடு நிறுத்தாது. அப்படி நிறுத்தினால் அந்த ட்யூபில் பெரும்பாலும் ஸ்டீராய்டு இருக்கிறது. ஒரே ட்யூபில் ஸ்டீராய்டு, பூஞ்சை மருந்து, பாக்டீரியா மருந்து என்று மூன்று நான்கைச் சேர்த்து விற்கிறார்கள். விலை குறைவு, உடனே குளிர்ச்சியாக இருக்கும், பக்கத்து வீட்டுக்காரரும் அதைத்தான் சொல்வார்.

ஸ்டீராய்டு செய்யும் வேலை என்னவென்றால், அந்த இடத்தில் உடம்பு காட்டும் எதிர்ப்பை அமுக்கிவிடும். சிவப்பும் அரிப்பும் உடம்பின் எதிர்ப்பால் வருவது, அதனால் அவை அடங்கும். பூஞ்சை அடங்காது. எதிர்க்க ஆள் இல்லாததால் அது ஆழமாகவும் அகலமாகவும் பரவும். ட்யூபை நிறுத்தியதும் அமுங்கியிருந்த அரிப்பு மொத்தமாகக் கிளம்பும், மறுபடி அதே ட்யூப், மறுபடி மூன்று நாள் நிம்மதி. இப்படியே ஒரு வருஷம் ஓட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன். தொடையில் ரூபாய் நாணயம் அளவில் ஆரம்பித்தது இடுப்பு, முதுகு, அக்குள் வரை போயிருக்கும். வட்டத்துக்குள் வட்டமாக இரண்டு மூன்று வளையம் தெரிந்தால் அது ஸ்டீராய்டு பூசிய படர்தாமரையின் அடையாளம். சில பேருக்கு வளையமே தெரியாமல் உருமாறிவிடும், தோல் டாக்டருக்கே முதல் பார்வையில் கண்டுபிடிப்பது கஷ்டமாகும்.

அதோடு முடியவில்லை. தொடை இடுக்குத் தோல் மெல்லியது, மடிப்பு வேறு, பூசியது அதிகமாக உள்ளே இறங்கும். தோல் காகிதம் போல மெலிந்து, பிரசவத்துக்குப் பின் வயிற்றில் வரும் கோடுகள் மாதிரி அகலமான வரிகள் விழும். சிவந்து, பிறகு வெளுத்துப் போகும் அந்த வரிகள் மறையவே மறையாது. இருபது வயதுப் பையன்களின் தொடையில் அந்த வரிகளைப் பார்க்கும்போது எனக்கு மனசு தாங்காது. அரிப்புக்குத் தீர்வு தேடித்தான் வாங்கினார்கள், யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை.

என் கையில் இருக்கும் ட்யூபில் ஸ்டீராய்டு இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பெயரைப் பார்க்காதீர்கள், அட்டைப் பெட்டியின் பக்கவாட்டில் சின்ன எழுத்தில் இருக்கும் மருந்துப் பட்டியலைப் பாருங்கள். க்ளோபெட்டாசோல், பீட்டாமெத்தசோன், பெக்லோமெத்தசோன், மொமெட்டசோன், ஃப்ளூசினோலோன், ஹைட்ரோகார்ட்டிசோன் இவற்றில் ஏதாவது இருந்தால் அது ஸ்டீராய்டு. க்ளோட்ரிமசோல், மைக்கோனசோல், கீட்டோகோனசோல், லூலிகோனசோல், டெர்பினாஃபின் இவை பூஞ்சை மருந்து. ரொம்பக் குழப்புவது க்ளோட்ரிமசோலும் க்ளோபெட்டாசோலும், ஒன்று மருந்து, இன்னொன்று மிகக் கடுமையான ஸ்டீராய்டு. அவசரத்தில் படித்தால் இரண்டும் ஒன்று போலத் தெரியும், ஒரே ட்யூபில் இரண்டும் சேர்ந்தே இருப்பதும் உண்டு. எழுத்துக் கூட்டிப் படியுங்கள், கண் தெரியவில்லை என்றால் போனில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள், பள்ளிக்கூடம் போகும் பிள்ளையிடம் கொடுத்தால் படித்துச் சொல்லும்.

தோலில் பூசும் ஸ்டீராய்டுகளை மத்திய அரசு 2018இல் அட்டவணை ஹெச்சுக்குள் கொண்டுவந்தது, அதாவது டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. சட்டம் இருக்கிறது, ஆனாலும் கேட்டால் பல இடங்களில் கிடைக்கிறது. கடையில் கேட்கும்போது "ஸ்டீராய்டு இல்லாத பூஞ்சை மருந்து" என்று வாய்விட்டுக் கேளுங்கள். குமுளிப் பக்கம் மலையாளம் பேசும் கடையில் "வட்டச்சொறி" என்றால் புரிந்துகொள்வார்கள், ஸ்டீராய்டு என்ற சொல் எல்லாருக்கும் பொது.

பல மாதமாக அந்த ட்யூபைத்தான் பூசிக்கொண்டிருக்கிறேன். இப்போது என்ன செய்வது?

தோல் டாக்டரைப் பாருங்கள், காலி ட்யூபையும் கையோடு எடுத்துப் போங்கள். ஸ்டீராய்டை நிறுத்தினதும் சில நாள் சிவப்பும் எரிச்சலும் அரிப்பும் கூடும், அது எதிர்பார்க்க வேண்டியதுதான். அந்த நாட்களைத் தாண்டத்தான் டாக்டர் அரிப்பு மாத்திரையும், பூசும் மருந்தோடு பல சமயம் சாப்பிடும் பூஞ்சை மாத்திரையும் தருவார். அரிப்பு கூடியதைப் பார்த்துப் பயந்து "புது மருந்து ஒத்துக்கலை" என்று பழைய ட்யூபுக்கே திரும்புவதுதான் நிறையப் பேர் விழும் இடம். பல்லைக் கடித்துக்கொண்டு தாண்டிவிடுங்கள், தாண்டினவர்களுக்குக் குறைந்திருக்கிறது. செட்ரிசின் மாதிரி மாத்திரை தூக்கம் வரவைக்கும். மலைப்பாதையில் வண்டி ஓட்டுகிறவர்கள் அதை ராத்திரியில் மட்டும் போடுங்கள்.

சரி, எதைப் பூசுவது, எப்படிப் பூசுவது, எத்தனை நாள்?

புதிதாக வந்தது, சின்ன இடம், வேறு நோய் இல்லை என்றால் க்ளோட்ரிமசோல் 1% அல்லது மைக்கோனசோல் 2% காலை ஒருமுறை ராத்திரி ஒருமுறை. டெர்பினாஃபின் 1%, லூலிகோனசோல் 1% என்றால் பெரும்பாலும் தினம் ஒருமுறை. எதை எடுத்தாலும் ஒன்றையே தொடருங்கள், நாலு நாளுக்கு ஒன்று மாற்றாதீர்கள்.

குளித்துத் துடைத்து, மடிப்பு நன்றாகக் காய்ந்த பிறகு பூச வேண்டும். ஈரத்தின் மேல் பூசினால் ஈரத்தை உள்ளே வைத்து மூடின மாதிரி ஆகும். சிவப்புத் தெரியும் இடத்தில் மட்டும் வைத்தால் போதாது, ஓரத்தைத் தாண்டி சுமார் 2 செ.மீ. நல்ல தோலிலும் பூச வேண்டும், பூஞ்சை கண்ணுக்குத் தெரியும் கோட்டுக்கு வெளியேயும் இருக்கும். வெளியிலிருந்து உள்நோக்கித் தேய்ப்பது நல்லது. அளவுக்கு ஒரு கணக்கு: ஆள்காட்டி விரலின் கடைசி ரேகையிலிருந்து நுனி வரை பிதுக்கினால் சுமார் அரை கிராம், அது இரண்டு உள்ளங்கை அளவுத் தோலுக்குச் சரியாக இருக்கும். இரண்டு பக்கத் தொடை இடுக்குக்கும் நாளுக்கு இரண்டு வேளை பூசினால் 10 கிராம் ட்யூப் ஒரு வாரத்திலேயே காலியாகிவிடும். ஒரு சின்ன ட்யூபை ஒரு மாதம் ஓட்டுகிறவர்கள் மருந்து பூசவில்லை, தொட்டுக்கொள்கிறார்கள். 30 கிராமாக வாங்குங்கள். பூசி முடித்ததும் கையைக் கழுவுங்கள்.

நாட்கள்தான் முக்கியம். அரிப்பு ஒரு வாரம் பத்து நாளில் குறையும், அங்கே நிறுத்தாதீர்கள். செதிலும் வளையமும் முழுக்கப் போன பிறகும் இன்னும் இரண்டு வாரம் பூச வேண்டும். முன்பெல்லாம் மொத்தம் இரண்டு, மூன்று வாரத்தில் முடியும் என்பார்கள், இப்போது நம் நாட்டில் பல பேருக்கு ஆறு வாரம்கூடத் தேவைப்படுகிறது. இரண்டு மூன்று வாரம் ஒழுங்காகப் பூசியும் துளியும் குறையவில்லை என்றால் அடுத்த ட்யூப் வாங்காமல் டாக்டரிடம் போங்கள்.

மாத்திரை போட்டால் சீக்கிரம் போகுமே, நேரே மாத்திரை கொடுங்களேன்?

பரவலாக இருந்தால், திரும்பத் திரும்ப வந்தால், ஸ்டீராய்டு பூசிக் கெடுத்திருந்தால் மாத்திரை தேவைதான். டெர்பினாஃபின், இட்ராகோனசோல் இரண்டும்தான் அதிகம் தருகிறார்கள். ஆனால் இது டாக்டர் பார்த்து எழுத வேண்டியது, காரணம் இருக்கிறது. இதயம் பலவீனமானவர்களுக்கு இட்ராகோனசோல் ஆகாது. கொழுப்புக்குச் சாப்பிடும் சிம்வாஸ்டாட்டின் போன்ற மாத்திரைகளோடு சேர்ந்தால் தசையைப் பாதிக்கும். ஃப்ளூகோனசோல், சர்க்கரைக்குச் சாப்பிடும் க்ளிமிபிரைடு போன்ற மாத்திரைகளோடு சேர்ந்தால் சர்க்கரையை ரொம்பக் கீழே இறக்கிவிடலாம். கல்லீரல் கோளாறு உள்ளவர்கள், தினமும் குடிக்கிறவர்கள் அதை மறைக்காமல் டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். கீட்டோகோனசோல் பூசுவதற்கு நல்லது, வாய்வழி மாத்திரையாக வேண்டாம், கல்லீரலைக் கெடுத்த வரலாறு அதற்கு உண்டு.

இட்ராகோனசோல் கேப்சூல் எழுதிக் கொடுத்திருந்தால் வயிறு நிறையச் சாப்பிட்ட கையோடு விழுங்குங்கள். அது கரைய வயிற்றில் அமிலம் வேண்டும். காலையில் கேஸ் மாத்திரை போட்டு, வெறும் டீயோடு இதையும் விழுங்கினால் மருந்து உடம்பில் சேராது. கேஸ் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதை டாக்டரிடம் சொல்லுங்கள்.

எல்லாம் ஒழுங்காகச் செய்தும் போகவில்லை. மருந்தே வேலை செய்யாமல் போகுமா?

போகும். ட்ரைக்கோஃபைட்டன் இண்டோட்டினியே என்று ஒரு பூஞ்சை, இந்தியர், நேபாளியர் ஆகியோரிடமிருந்து எடுத்த மாதிரிகளை ஆராய்ந்து 2020இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் பெயர் வைத்தார்கள். இதில் பல வகைகளுக்கு டெர்பினாஃபின் வேலை செய்வதில்லை, அந்த மருந்து தாக்கும் நொதியையே பூஞ்சை மாற்றிக்கொண்டுவிட்டது. 2023இல் நியூயார்க்கிலும் கண்டுபிடித்தார்கள். டெர்பினாஃபின் கேட்காதவர்களுக்குப் பெரும்பாலும் இட்ராகோனசோல் கேட்கிறது, நாள் அதிகமாகும். ஆனால் ஒன்று, "மருந்து கேட்கலை" என்று வருகிறவர்களில் நிறையப் பேர் பாதியில் நிறுத்தியவர்கள், இல்லையென்றால் வீட்டில் இன்னொருவருக்கு இருந்து திரும்பத் தொற்றிக்கொண்டவர்கள். முதலில் அதைச் சரிபாருங்கள்.

வீட்டில் எல்லாருக்குமா மருந்து பூச வேண்டும்?

படர்தாமரை இருக்கிற எல்லாருக்கும், ஒரே சமயத்தில். லயத்தில் ஒரே அறையில் ஐந்து பேர், ஒரே பாய், ஒரே போர்வை, கொடியில் தொங்கும் ஒரே துண்டு. ஒருவர் மட்டும் பூசிக் குணமானால் பத்து நாளில் திரும்ப வாங்கிக்கொள்வார். வெட்கத்தால் மாமியாருக்கு இருப்பது மருமகளுக்குத் தெரியாது, அண்ணனுக்கு இருப்பது தம்பிக்குத் தெரியாது. யாராவது ஒருவர் முதலில் பேசிவிட்டால் மற்றவர்கள் சொல்லிவிடுவார்கள், அதை நீங்களே செய்யுங்கள். துண்டு மட்டுமாவது ஆளுக்கு ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் கன்றுக்குட்டி, நாய், பூனைக்கு வட்டமாக முடி உதிர்ந்திருந்தால் கால்நடை டாக்டரிடம் காட்டுங்கள், அவற்றிடமிருந்தும் படர்தாமரை வரும்.

இது பால்வினை நோயா? கணவன் மனைவி ஒன்றாக இருக்கலாமா?

பால்வினை நோய் இல்லை. தோலோடு தோல் படுவதால் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு வரலாம், துண்டாலும் வரலாம். கணவருக்கு வந்ததை வைத்து மனைவியோ, மனைவிக்கு வந்ததை வைத்து கணவரோ சந்தேகப்பட இதில் ஒன்றுமே இல்லை, அப்படி வீட்டில் சண்டை வந்து இரண்டு பேரும் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்ததை நான் அறிவேன். அரிப்பு அடங்கும் வரை நெருக்கத்தைத் தள்ளிப்போடுவது நல்லது. இரண்டு பேரும் சேர்ந்து மருத்துவம் பாருங்கள்.

மலையில் மழை, துணி காயவே மாட்டேன் என்கிறது. எப்படிச் சமாளிப்பது?

மருந்துக்கு அடுத்தபடி துணிதான். உதிர்ந்த செதில் துணியில் ஒட்டிக்கொண்டு அதிலேயே பூஞ்சை பல நாள் உயிரோடு இருக்கும். உள்ளாடை, பாவாடை, துண்டு இவற்றை மற்றத் துணியோடு ஊறப்போடாமல் தனியாக, கை பொறுக்காத அளவு சூடான தண்ணீரில், 60 டிகிரி இருந்தால் நல்லது, அரை மணி நேரம் ஊறவைத்துத் துவையுங்கள். உள்பக்கத்தை வெளியே திருப்பிக் காயப்போடுங்கள்.

கம்பம் பள்ளத்தாக்கில் இருக்கிறவர்களுக்கு இது பெரிய பாடில்லை, மலைக்கு அந்தப் பக்கம் மழை கொட்டும்போதும் இங்கே பெரும்பாலும் வெயில் அடிக்கும், காற்றும் உண்டு. தினமும் இறங்கி வருகிறவர்கள் துணியை வீட்டில் துவைத்துக் காயவைத்து உலர்ந்த ஒரு செட்டைப் பிளாஸ்டிக் பையில் கட்டி எடுத்துப் போகலாம். வேலை முடிந்து ஜீப் ஏறும் முன் உள்ளாடையையாவது மாற்றிவிட்டு ஏறுங்கள். இந்த ஒரு பழக்கம் பாதி மருந்துக்குச் சமம். மாற்றிக்கொள்ள மறைவான இடம் தோட்டத்தில் இல்லை என்று அக்காமார் சொல்வது உண்மை, கங்காணியிடம் சேர்ந்து கேளுங்கள், ஒரு தார்ப்பாய் மறைப்பு கட்டுவது பெரிய செலவில்லை.

மேலே லயத்திலேயே தங்குகிறவர்களுக்குத்தான் கஷ்டம். அடுப்புக்கு மேல் கொடி கட்டிக் காயப்போடுகிறார்கள், அது நல்லதுதான். அரைகுறை ஈரமாக இருந்தால் உள்ளாடையின் மடிப்பு, எலாஸ்டிக் இடங்களில் சூடாக இஸ்திரி போட்டு ஈரம் போன பிறகு உடுத்துங்கள். இறுக்கமான நைலான் வேண்டாம், தளர்வான பருத்தி போதும். ஜீன்ஸ் ஈரமானால் ஒரு நாள் முழுக்க ஈரம், தோட்ட வேலைக்கு அது சரிப்படாது. காலுறை போடுகிறவர்கள் முதலில் காலுறை, அப்புறம் உள்ளாடை.

அரைஞாண் கயிறைக் கழற்ற வேண்டுமா?

இடுப்பைச் சுற்றிப் படர்தாமரை இருந்தால் கழற்றுங்கள். கறுப்புக் கயிறு எப்போதும் ஈரம் குடித்திருக்கும், துவைக்க மாட்டோம், பூஞ்சை அதிலேயே தங்கும். கயிறு கட்டாயம் வேண்டும் என்கிறவர்கள் குணமான பிறகு புதுக் கயிறு கட்டிக்கொள்ளலாம், வசதி இருந்தால் வெள்ளிக்கு மாறலாம், அதைக் கழுவித் துடைக்க முடியும். பெண்களுக்குப் பாவாடை நாடா இறுகும் இடத்தில் அச்சாக இதே மாதிரி வரும். வேலைக்குப் போகும்போது ஒரே இடத்தில் இறுக்காமல் அகலமான பட்டி வைத்துத் தைத்த பாவாடை உதவும், நாடாவையும் துவைக்கும்போது தேய்த்துக் கழுவுங்கள்.

வண்டுகொல்லி இலை, பூண்டு, எலுமிச்சை, மண்ணெண்ணெய்?

சீமை அகத்தி என்றும் வண்டுகொல்லி என்றும் சொல்லும் இலையைப் படர்தாமரைக்கு அரைத்துப் பூசுவது பழைய வழக்கம், ஆய்வுக்கூடத்திலும் பூஞ்சையைக் கட்டுப்படுத்தும் தன்மை அதற்குத் தெரிந்திருக்கிறது. கையிலோ காலிலோ சின்ன வட்டத்துக்குப் பூசுகிறவர்களை நான் தடுக்க மாட்டேன். தொடை இடுக்கில் வேண்டாம், அந்தத் தோல் எரிந்து புண்ணாகும். பூண்டு அரைத்து வைத்துத் தீக்காயம் மாதிரிக் கொப்பளித்து வருகிறார்கள். எலுமிச்சை, உப்பு, மண்ணெண்ணெய், பேட்டரித் தண்ணீர் இவற்றைப் பற்றி ஒரே வார்த்தை, வேண்டாம். எரிச்சல் அரிப்பை மறக்கவைக்கிறது, அவ்வளவுதான். வேப்பிலைத் தண்ணீரில் குளிப்பதில் கெடுதல் இல்லை, குணமும் ஆகாது. டெட்டால் ஊற்றிக் குளிப்பது தோலைக் காயவைத்து அரிப்பைக் கூட்டும்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுக்கும் வெள்ளைக் களிம்பு நல்லதா?

விட்ஃபீல்டு களிம்பைச் சொல்கிறீர்கள். பென்சாயிக் அமிலமும் சாலிசிலிக் அமிலமும் கலந்தது, நல்ல பழைய மருந்து, பாதத்துக்குச் சரி. தொடை மடிப்பில் எரியும். அங்கே தருகிறவரிடம் இடத்தைச் சொல்லி க்ளோட்ரிமசோல் இருக்கிறதா என்று கேளுங்கள், எங்கே பூசப்போகிறோம் என்று சொல்லாததால்தான் தவறான மருந்து கைக்கு வருகிறது.

பவுடர்?

வாசனைப் பவுடர் வேண்டாம், வியர்வையோடு சேர்ந்து கட்டிகட்டியாக மடிப்பில் உரசும். க்ளோட்ரிமசோல் கலந்த பவுடர் குணமான பிறகு திரும்ப வராமல் இருக்க நல்லது, காலையில் உலர்ந்த தோலில் லேசாகத் தூவலாம். பவுடரை மட்டும் நம்பி மருந்தை விட்டுவிடாதீர்கள்.

சர்க்கரைக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?

நிறைய உண்டு. வருஷத்தில் மூன்று நான்கு தடவை திரும்பி வந்தால் சர்க்கரையைப் பரிசோதியுங்கள், இந்த அரிப்பை வைத்தே சர்க்கரை இருப்பது தெரிய வந்தவர்கள் இருக்கிறார்கள். ஏற்கெனவே சர்க்கரை உள்ளவர்களுக்கு, அது கட்டுக்குள் வராமல் எத்தனை ட்யூப் பூசினாலும் பிடிகொடுக்காது. சொறிந்த காயத்தில் சீழ் பிடித்துப் பரவுவதும் இவர்களுக்குத்தான் சீக்கிரம்.

கர்ப்பமாக இருக்கிறேன். பூசலாமா?

க்ளோட்ரிமசோல், மைக்கோனசோல் பூசலாம், செக்கப்புக்குப் போகும்போது நர்ஸ் அக்காவிடம் சொல்லிவிட்டுப் பூசுங்கள். பூஞ்சை மாத்திரை எதுவும் நீங்களாக எடுக்காதீர்கள். கைக்குழந்தைக்கு இடுக்கில் சிவந்திருந்தால் அது பெரும்பாலும் ஈரத் துணியால் வரும் வேறு புண், உங்கள் ட்யூபை அதற்குப் பூசாதீர்கள், குழந்தை டாக்டரிடம் காட்டுங்கள்.

மாலை போட்டிருக்கிறேன். விரதத்தில் மருந்து பூசலாமா?

தாராளமாக. கார்த்திகையில் குமுளி வழியாகப் போகும் சாமிகள் நிறையப் பேர் கேட்பது இது. பம்பையில் குளித்துவிட்டு ஈர வேட்டியோடு மலையேறி, அதே வேட்டியோடு வண்டியில் உட்கார்ந்து ஊர் திரும்பினால் இரண்டு தொடையும் உரசி வெந்துவிடும். உலர்ந்த வேட்டி ஒன்றைக் கூடுதலாக இருமுடியோடு வருகிற பையில் வைத்துக்கொள்ளுங்கள். துண்டைப் பக்கத்துச் சாமிக்குக் கொடுக்காதீர்கள், வாங்கவும் வேண்டாம்.

எப்போது உடனே டாக்டரிடம் போக வேண்டும், எங்கே போவது?

சீழ், நீர் வடிதல், வலியோடு வீக்கம், காய்ச்சல், நெறிகட்டுதல் இருந்தால் அன்றைக்கே. முகம், தலை, நகம், பிறப்புறுப்பு வரை வந்திருந்தால், உடம்பில் நாலைந்து இடத்தில் இருந்தால், சர்க்கரையோ வேறு நீண்ட நாள் நோயோ இருந்தால் தள்ளிப்போட வேண்டாம். கம்பம், போடி அரசு மருத்துவமனையில் முதலில் காட்டலாம், தோல் டாக்டர் வேண்டும் என்றால் கானாவிலக்கில் இருக்கும் தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. கேரளப் பக்கம் இருக்கிறவர்கள் அங்குள்ள சுகாதார மையத்தில் காட்டி, தேவைப்பட்டால் இடுக்கி அல்லது கோட்டயம் மருத்துவக் கல்லூரிக்கு எழுதி வாங்கிக்கொள்ளலாம். பெண் டாக்டர் வேண்டும் என்று கேட்பதில் தப்பே இல்லை. ஆண் டாக்டர்தான் இருக்கிறார் என்றால் கூட ஒரு நர்ஸ் இருக்கட்டும் என்று சொல்லலாம். காட்டாமல் வாயால் மட்டும் சொல்லி மருந்து வாங்கி வருவதுதான் வீண், அந்தச் சீட்டு பாதி உண்மையை வைத்து எழுதியதாகத்தான் இருக்கும்.

எல்லாம் போய்விட்டது, ஆனால் கறுப்பாக இருக்கிறது. இன்னும் நோய் இருக்கிறதா?

தொட்டுப் பாருங்கள். சொரசொரப்பு இல்லை, செதில் இல்லை, அரிப்பு இல்லை, ஓரம் தடிக்கவில்லை என்றால் அது வெறும் நிறம்தான், நோய் இல்லை. நம் தோலில் இந்தக் கறுப்பு மங்கச் சில மாதம் ஆகும், சில பேருக்கு வருஷம்கூட ஆகும். அதைப் போக்க வெளுப்பு க்ரீம் வாங்காதீர்கள், பல வெளுப்பு க்ரீம்களில் ஸ்டீராய்டு இருக்கிறது, பூசினால் படர்தாமரை அதே இடத்தில் திரும்ப முளைக்கும்.